வேகப்புயலின் முன்சக்கர பிரேக்

எங்கள் குடியிருப்பில் அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வோம். லிஃப்டை இயக்குகிறவர் இல்லை. ஊரிலுள்ள கட்டடங்களில் லிஃப்டுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் அரசாங்க ஆய்வாளர். "ஏறுதா எறங்குதான்னு பாக்கறது கம்பெனிக்காரன் வேலை. நிக்குதான்னு பாக்கறதுதான் என் வேலை" என்பார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நீதிபதி வந்து உட்கார்ந்துகொள்வார்.

அவரைப்போல ஜாக்கிரதையான மனிதரை நான் பார்த்ததில்லை. ஒருவழிப் பாதையைக் கடக்கும்போதும் இரண்டு பக்கமும் பார்ப்பார். பார்த்துவிட்டு, முதலில் பார்த்த பக்கத்தை மறுபடியும் பார்ப்பார். அதற்குள் அங்கே ஒரு வண்டி வந்திருக்கும். எங்கள் வளாகத்துக்குள் வேகத்தடை வேண்டும் என்று மனுப்போட்டு, சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டு வாங்கியவரும் அவரே. வளாகத்தில் அப்போது அதிகபட்ச வேகம் என்பது பால்காரரின் சைக்கிள்.

அவர் மனைவி சலவைக் கடை நடத்துகிறார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள், ஓட்டல் மேசைத் துணிகள் என்று பெரிய பெரிய மூட்டைகளாக எடுத்து வந்து, வெளுத்து, மடித்து, வேனில் ஏற்றி அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த வேனுக்கு வயது அதிகம். மூட்டைகளுக்கு எடை அதிகம். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பொறுமை குறைவு. இந்த மூன்றுக்கும் நடுவில் அந்த அம்மாள் வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தார். வேன் ஓட்டுவதைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. பல் தேய்ப்பதைப் பற்றி நாம் பேசுவோமா?

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில் லிஃப்ட்காரருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. "மாத்திரை அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். மனசுக்குப் பிடிச்சதா எதையாவது பண்ணுங்க. செடி வளக்கலாம், மீன் வளக்கலாம்" என்றார் டாக்டர். லிஃப்ட்காரர் தலையாட்டிவிட்டு வந்தார். அடுத்த வாரம் ஒரு பல் மருத்துவமனையின் லிஃப்டைச் சோதிக்கப் போனவர், கீழே நிறுத்துமிடத்தில் ஒரு நீலக் காரைப் பார்த்தார். இரண்டே கதவுகள், தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, முறைக்கிற விளக்குகள். பந்தயக் கார் இல்லை. ஆனால் பந்தயக் காருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். அதன் இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து, சொந்தக்காரரான பல் டாக்டருக்கு முதுகு போய்விட்டதால் விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தா அம்பு மாதிரி போகும் சார்" என்றார் பல் டாக்டர்.

"நிக்குமா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"என்ன அப்படிக் கேட்டுட்டீங்க? இது நிக்கிற அழகைப் பாத்துதானே நானே வாங்கினேன்!"

அந்த ஒரு வாக்கியத்தில் வியாபாரம் முடிந்தது.

வண்டி வீட்டுக்கு வந்தது. வளாக வாசலில் அவரே வாங்கிவைத்த வேகத்தடையின் மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் சிறிது நேரம் யோசித்துவிட்டு உள்ளே வந்தது. மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ரெண்டு கதவுதான் இருக்கு. மீதி ரெண்டை எப்ப தருவாங்க?"

"இது அப்படிப்பட்ட வண்டி இல்லம்மா. பர்ஃபாமன்ஸ் கார்."

"மூட்டை வெக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப என்னதான் பண்ணும்?"

 உண்மையில் அந்தக் கார் என்ன செய்யும் என்று அப்போது அவருக்கே தெரியாது. ஏனென்றால் நாற்பதுக்கு மேல் அதை அவர் ஓட்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியையும், பின்னால் பக்கத்து வீட்டிலிருந்து என்னையும் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுவார். பின் இருக்கை என்று அந்தக் காரில் ஒன்று உண்டு. அது மனிதர்களுக்கானதா, குடைகளுக்கானதா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம். ஒருமுறை கடைவீதியில் மனைவி சொன்னார்: "நடந்து போறவங்க நம்மளத் தாண்டிப் போறாங்க. தெரிஞ்சவங்களா வேற இருக்காங்க. சும்மா பாத்துட்டு உக்காராம கையாவது காட்டுங்க."

ஆனால் போனில் அவர் வேறு மனிதர். அதே மாதிரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் அவர் பெயர் வேகப்புயல். 'நேத்து ஒரு வளைவுல கொஞ்சம் லேட்டா பிரேக் போட்டேன். பின்சக்கரம் நழுவிச்சு. சமாளிச்சுட்டேன்' என்று எழுதுவார். நழுவியது உண்மைதான். நானும் வண்டியில் இருந்தேன். காய்கறிச் சந்தை வாசலில் யாரோ கொட்டியிருந்த அழுகிய தக்காளியின் மேல் சக்கரம் ஏறியது. அதற்குக் குழுவில் எத்தனை கைதட்டல், எத்தனை தீப்பிழம்புப் படம்!

குழுவின் அட்மின் ஒரு நாற்காலிக் கடை முதலாளி. ஒருநாள் அவர் கேட்டார்: 'புயல், உங்க முன் டிஸ்க் என்ன சைஸ்?'

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால், கேலிப்பர் என்ற இடுக்கி, பேடு எனும் இரண்டு பட்டைகளால் அந்தத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும். வண்டி நிற்கும். இது லிஃப்ட்காரருக்கும் தெரியும். ஆனால் அதற்கு சைஸ் உண்டு, சைஸை வைத்து மனிதர்களுக்குத் தராதரம் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது.

'கம்பெனில இருந்து வந்ததுதான்' என்று எழுதினார்.

 பிறகு ஒருவர் மலர்வளையம் ஒன்றின் படம் அனுப்பினார். அட்மின் எழுதினார்: 'கம்பெனி டிஸ்கோடயா இவ்வளவு நாள் உயிரோட இருந்தீங்க?'

லிஃப்ட்காரர் அன்று இரவே டார்ச்சோடு கீழே போய்ச் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு, பிரேக் மிதித்ததும் ஸ்டியரிங் நடுங்குவதாகச் சொன்னார்.

"அது ரோடுங்க. குழாய் போட்டுட்டு மூடாம போயிட்டாங்க" என்றார் மனைவி.

"இல்லம்மா. டிஸ்க் வளைஞ்சிருக்கு. குரூப்ல சொல்றாங்க."

"என் வேன்ல தினமும் நடுங்குது. நான் ரேடியோவைச் சத்தமா வெச்சுக்குவேன். அப்ப தெரியாது."

நிற்கிற விஷயத்தில் லிஃப்ட்காரர் ரேடியோவை நம்புகிறவர் இல்லை. பெரிய டிஸ்க்குகளுக்கு ஆர்டர் போட்டார்.

பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் அதை வாசலில் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, இரண்டு டிஸ்க்குகளையும் வெளியே எடுத்து வைத்தார் லிஃப்ட்காரர். பெரிய பெரிய தட்டுகள். உடம்பெல்லாம் ஓட்டைகள்; ஓட்டைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து கோடுகள். அக்கம்பக்கத்தார் வந்து பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் மாடிப் பெரியவர் மட்டும் ஒயரைத் தேடினார். ஹீட்டர் என்று நினைத்துவிட்டாராம்.

கல்லூரியிலிருந்து வந்த மகள் மேசையைப் பார்த்து நின்றாள். "என்னப்பா, சல்லடை வாங்கியிருக்கீங்க?"

"சூடு வெளிய போறதுக்கு ஓட்டை. பேடைச் சுத்தம் பண்றதுக்கு அந்தக் கோடு. நூறுல போயிட்டிருக்கும்போது பிரேக் போட்டா, சும்மா தகதகன்னு கொதிக்கும்."

"நம்ம வண்டி போற வேகத்துக்கு அதுமேல டீயை வெச்சாக்கூட ஆறிடுமேப்பா."

அந்த வாரம் முழுவதும் குடும்பம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டது. மேசையில் வேறு தட்டுகள் இருந்தன.

இனி மெக்கானிக். அவருக்கு எங்கள் பக்கத்தில் 'பார்த்துக்கலாம்' என்று பெயர். எந்த வண்டியைக் கொண்டு போனாலும், எது கழன்று கையோடு வந்தாலும், "பார்த்துக்கலாம் சார்" என்பார். டிஸ்க்குகளைப் பார்த்ததும் அவர் கண்ணிலும் ஒரு பளபளப்பு வந்தது. இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒன்றைக் கையில் எடுத்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ளவும் அவருக்கு மனமில்லை. லிஃப்ட்காரருக்கோ, தாம் கேட்பதை எல்லாம் செய்கிற ஒரு ஆள் வேண்டும். பொருத்தம் அமோகமாக இருந்தது.

பழைய டிஸ்க் வெளியே வந்தது. தட்டித் தடவிப் பார்த்ததில் அதற்கு ஒரு குறையும் இல்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. புதியதை மாட்டி, அதன் அளவுக்குக் கேலிப்பரைத் தள்ளிப் பொருத்த ஒரு இரும்புத் துண்டையும் வைத்து முடுக்கியாயிற்று. சக்கரத்தைத் தூக்கி மாட்டப்போன மெக்கானிக் பாதியில் நின்றார்.

"சக்கரம் உள்ள போக மாட்டேங்குது சார். கேலிப்பர் இடிக்குது."

"அப்ப?"

"பெரிய சக்கரம் போட்டா போயிடும்."

"பெரிய சக்கரம் போட்டா?"

"டயரும் பெருசாப் போடணும்."

"போட்டா?"

"ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பும்போது உள்ள கொஞ்சம் உரசும். பார்த்துக்கலாம்."

பெரிய சக்கரங்கள் வரும்வரை கார் மெக்கானிக்கின் கராஜில் முட்டுக்கொடுத்து நின்றது. முன்னங்கால் இரண்டும் இல்லாத குதிரையைப்போல அதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். லிஃப்ட்காரர் தினமும் அலுவலகம் முடிந்து அங்கே போவார். கேலிப்பருக்குச் சிவப்புச் சாயம் அடித்தார். காய்ந்ததும் படம் எடுத்துக் குழுவில் போட்டார்.

அந்தப் படத்தில்தான் சண்டை தொடங்கியது. டிஸ்க்கில் இருக்கும் கோடுகள் முன்பக்கம் சாயவேண்டும், இவர் பின்பக்கம் சாயும்படி மாட்டியிருக்கிறார் என்றார் அட்மின். பின்பக்கம்தான் சரி என்றார் ஒரு கண் டாக்டர். ஆளுக்கு ஆள் படம் வரைந்தார்கள், அம்புக்குறி போட்டார்கள். ஒருவர் நீரின் ஓட்டத்தை உதாரணம் காட்டினார், இன்னொருவர் மீன் செதிலைக் காட்டினார். சிநேகிதர்களாக இருந்தவர்கள் ஒருவரையொருவர் 'நீர் எல்லாம்' என்று விளிக்கத் தொடங்கினார்கள். கடைசியில் கண் டாக்டர் கட்சி பிரிந்துபோய் வேறு குழு தொடங்கியது. முன்சாய்வுக் குழு, பின்சாய்வுக் குழு. இரண்டிலும் சேர்ந்துகொண்ட ஒரே ஆள் லிஃப்ட்காரர்தான்.

டிஸ்க்குகளின் மேல் ஒன்றில் 'எல்' என்றும் மற்றொன்றில் 'ஆர்' என்றும் எழுத்துப் பொறித்திருந்தது. 'ஆர்' என்றால் ரேஸ் என்று அவர் மெக்கானிக்குக்கு விளக்கியிருந்தார்.

"அப்ப 'எல்' சார்?"

"லிமிடெட் எடிஷன். எல்லாருக்கும் குடுக்க மாட்டான்."

"இருக்கும் சார், இருக்கும்."

வீட்டுச் சாவி வாங்குவதற்காகக் கராஜுக்கு வந்த மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். டிஸ்க்கைப் பார்த்தாள். கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"அப்பா, இது லெஃப்ட், ரைட்டுதானே? இயர்போன்லகூட இப்படித்தான் போட்டிருக்கும்."

கராஜில் ஸ்பானர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. டிஸ்க்குகள் மறுபடி கழன்றன. வலது இடதாயிற்று, இடது வலதாயிற்று. இரண்டு குழுக்களுக்கும் இந்தச் செய்தி கடைசிவரை போய்ச் சேரவில்லை. இப்போதும் இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாமல்தான் இருக்கின்றன.

ஒருவழியாக எல்லாம் மாட்டி முடிந்தது. அப்புறம்தான் உண்மையான தொல்லை.

"சார், இப்ப இதைப் பழக்கணும்" என்றார் மெக்கானிக், பெட்டிக்குள் இருந்த தாளை விரித்தபடி. "புது டிஸ்க், புது பேடு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பழகல. நல்ல வேகத்துல போய், அழுத்தி மிதிச்சு வேகத்தைக் குறைக்கணும். ஆனா முழுசா நிக்கக் கூடாது. மறுபடி வேகம், மறுபடி மிதி. பேடுல நாத்தம் வர்ற வரைக்கும்."

"நல்ல வேகம்னா?"

"நூறு, நூத்திப்பத்து..."

லிஃப்ட்காரர் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தார். அதன் இடது பாதிதான் அவருக்குப் பழக்கம். வலது பாதி அவர் போகாத வெளிநாடு.

"நான் வேணா ஓட்டித் தரட்டுமா சார்?"

"வேண்டாம் வேண்டாம். என் வண்டியை நானே பழக்கிக்கறேன்."

பழக்கினார். வளாகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், நாற்பதில் போய், இருபதுக்குக் குறைத்து, மறுபடி நாற்பதில் போய். அந்தச் சூட்டில் பேடு பழகவில்லை. டிஸ்க்கின் மேல் அங்கங்கே திட்டுத் திட்டாக அப்பிக்கொண்டது. முன்பு கற்பனையில் இருந்த நடுக்கம் இப்போது நிஜமாகவே வந்து சேர்ந்தது. அத்துடன் ஒரு கிறீச்சல். கண்ணாடியில் ஆணியால் கோடு போட்டு, அதை ஒலிபெருக்கியில் விட்டால் எப்படி இருக்கும், அப்படி. இரண்டு தெரு தள்ளி அவர் பிரேக் பிடித்தால் எங்கள் காவலாளி கேட்டைத் திறக்க எழுந்திருப்பார். சங்கக் கூட்டத்தில் புகார் வந்தது. வேகத்தடைக்காக அவர் சண்டை போட்ட அதே அறையில், அதே நாற்காலியில், தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

போதாததற்கு மழை வேறு பெய்தது. ஓட்டாமல் நிற்கும் வண்டியில் டிஸ்க்கின் மேல் மெல்லிய துருப் படியும். எடுத்து ஓட்டி, நாலு முறை மிதித்தால் போய்விடும். அதற்கு ஓட்டவேண்டுமே! அவர் தினமும் காலையில் உட்கார்ந்து துணியால் துடைத்தார். வீட்டில் கைக்குக் கிடைத்த வெள்ளைத் துணி. மென்மையான, நல்ல தடிமனான துணி.

அது ஓட்டல்காரர்களின் மேசைத் துணி.

அன்று காலை கீழே நிறுத்துமிடத்தில் அந்த அம்மாளின் குரல் உயர்ந்து நான் முதல்முறையாகக் கேட்டேன்.

"என்னங்க இது?"

"துடைச்சேன்."

"எதால துடைச்சீங்க? இது என்னன்னு தெரியுதா? துருக் கறை! மத்த கறையெல்லாம் எங்கிட்ட வரும், போகும். துருக் கறை வந்தா போகாது. ஓட்டல்காரன் கேட்டா என்ன சொல்லட்டும்? எங்க வீட்டுக்காரர் காருக்குப் பல் விளக்கினாருன்னு சொல்லட்டுமா?"

"இதைப் பழக்கணும்மா. பழக்கிட்டா..."

"என்ன பண்ணினா பழகும்?"

அவர் தாளை நீட்டினார். அந்த அம்மாள் ஒரு முறை படித்தார். சலவை இயந்திரத்தின் விளக்கத் தாளைப் படிப்பது போலத்தான் படித்தார்.

"இவ்வளவுதானா? ஞாயித்துக்கிழமை காலைல கிளம்புங்க. நான் ஓட்டறேன்."

ஊருக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டை. ஞாயிறு எல்லா ஆலைகளும் மூடியிருக்கும். நேர்கோடாக அகலமான சாலை. காவல் அறையில் சொல்லிவிட்டு, மெக்கானிக் தன் வண்டியைச் சாலையின் மறுமுனையில் நிறுத்தி, யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டார். ஓட்டுநர் இடத்தில் மனைவி, பக்கத்தில் கணவர், பின்னால் குடைகளின் இடத்தில் நான். புகை வந்தால் சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம்.

அந்த அம்மாள் இருக்கையை முன்னால் இழுத்தார். கண்ணாடியைத் திருப்பினார். செருப்பைக் கழற்றிக் கணவர் மடியில் வைத்தார். "பெல்ட் போட்டாச்சா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் ஆலைச் சுவர்கள் ஒரே சுவராயின. அந்தக் காருக்குள் இப்படி ஒரு மிருகம் இத்தனை நாளாகத் தூங்கிக்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. பிறகு மிதித்தார். என் முகம் முன் இருக்கையைப் போய் முத்தமிட்டது. லிஃப்ட்காரர் மடியில் இருந்த செருப்பில் ஒன்று கண்ணாடியில் மோதி விழுந்தது.

"நின்னுடாத! நின்னுடாத! தாள்ல நிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு!" என்று கத்தினார் லிஃப்ட்காரர். வாழ்நாள் முழுவதும் நிற்கவைத்தே சம்பளம் வாங்கிய மனிதர், நிற்காதே என்று அலறியதை அன்றுதான் கேட்டேன்.

"நிக்கலங்க. கத்தாதீங்க. எண்ணிட்டு வாங்க."

மறுபடி வேகம். மறுபடி மிதி. அந்த அம்மாள் முகத்தில் ஒரு பரபரப்பும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு விரிப்புக் கொண்டுபோகும் அதே முகம். ஆனால் நாலைந்து மிதிக்குப் பிறகு, வாயோரத்தில் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. சிரிப்புக்கு முந்திய ஏதோ ஒன்று.

நாற்றம் வந்தது. கருகிய ரப்பரும் தீய்ந்த துணியும் கலந்த நாற்றம்.

"தீப்பிடிச்சிருச்சு!" என்றார் லிஃப்ட்காரர்.

"இதுதாங்க பழகுற வாசனை. தாள்ல போட்டிருக்கே" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் மெதுவாக ஊருக்குள் ஓட்டி வந்தார். டிஸ்க் ஆறவேண்டும் அல்லவா? வரும் வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக் மிதித்தார். கிறீச்சல் இல்லை. நடுக்கம் இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வண்டியின் வேகம் இறங்கியது.

 வளாகத்துக்குள் வந்து இறங்கியதும் லிஃப்ட்காரர் மனைவியின் செருப்புகளைத் தரையில் சேர்த்து வைத்துவிட்டு, "கால் எவ்வளவு பலமா வெச்ச?" என்று கேட்டார்.

"வேன்ல வெக்கறதுல பாதிதான்" என்றார் அவர்.

இங்கே விஷயம் முடிந்திருக்கவேண்டும். ஆனால் வேகப்புயலைக் குழுவினர் விடுவதாக இல்லை. ஊருக்கு அப்பால் ஒரு பந்தய ஓடுதளம் உண்டு. வருடத்தில் சில நாட்கள் பொதுமக்கள் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். 'புது டிஸ்க் போட்டாச்சு, இனி என்ன சாக்கு? வந்தே ஆகணும்' என்றார் அட்மின். லிஃப்ட்காரர் அவசரமாக ஒரு லிஃப்ட் பழுதைத் தேடினார். ஊரில் அன்று ஒரு லிஃப்டும் பழுதாகவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருந்தவர் அவர்தானே.

ஓடுதளத்துக்கு அவர் மனைவியும் நானும் கூடவே போனோம். அவர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு காரை எடுத்தார். ஒரு சுற்று. வழியெல்லாம் மற்ற கார்கள் அவரைக் கடந்து பறந்தன. கொடி அசைக்கும் ஊழியர், வண்டி பழுது என்று நினைத்து மஞ்சள் கொடியைக் காட்டிவிட்டார். மற்ற எல்லோரும் வேகம் குறைத்தார்கள். அந்தச் சுற்றில்தான் எல்லாக் கார்களும் ஒரே வேகத்தில் போயின. திரும்பி வந்ததும் ஊழியர்கள் ஓடிவந்து, "என்னாச்சு சார்? கியர் விழலையா?" என்று கேட்டார்கள்.

அட்மின் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலிக் கடையில் பழைய நாற்காலியைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார். "புயல்... உடம்பு சரியில்லையா?"

லிஃப்ட்காரர் ஒரு சமாளிப்புச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்ததை நான் பார்த்தேன். ஆனால் அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார்.

"நீ போயிட்டு வாம்மா. பிரேக்கை நான் பாத்துட்டேன். நல்லா இருக்கு."

அந்த அம்மாள் போனார். நேர் பாதையில் மற்றவர்கள் முன்னால் போனார்கள். வளைவு வந்ததும் எல்லோருடைய பின்விளக்கும் எரியும், நீலக் காரின் விளக்கு மட்டும் எரியாது. இப்போதாவது மிதிக்கமாட்டாரா என்று நாம் பல்லைக் கடிக்கும்போது மிதிப்பார். ஒவ்வொரு வளைவிலும் ஒருவரை விழுங்கினார். அட்மினின் காரை விழுங்கியபோது, லிஃப்ட்காரர் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார்.

இறங்கிவந்த அட்மின் நேராக அந்த அம்மாளிடம் போனார். "மேடம், முன்னாடி என்ன டிஸ்க் போட்டிருக்கீங்க?"

"சக்கரத்துக்குள்ள இருக்கறதா? அது இவரோட டிபார்ட்மென்ட்டுங்க. எங்கிட்ட மிதி மட்டும்தான்."

அதிலிருந்து இருவருக்கும் அது வழக்கமாகிவிட்டது. ஓடுதள நாள் வந்தால் கடைக்கு விடுமுறை. மனைவி ஓட்டுவார், லிஃப்ட்காரர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு மண்டியிட்டு, சூட்டைப் பார்க்கும் கருவியை டிஸ்க்குக்கு நேரே பிடித்து, தடிமனை அளந்து, பேடைப் பார்த்து, தலையை ஆட்டுவார். அவர் தலையாட்டாமல் கார் நகராது. வாட்ஸ்அப்பில் எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். எழுத இப்போது விஷயம் இருந்தது, நேரம்தான் இல்லை.

போன ஓடுதள நாளில் நானும் போயிருந்தேன். கடைசி ஓட்டத்துக்கு முன்னால் லிஃப்ட்காரர் விளக்கை வைத்துக்கொண்டு டிஸ்க்கைப் பார்த்தார். ஓட்டைக்கு ஓட்டை மயிரிழைபோல் விரிசல்கள். அவை முன்பே உண்டு. இன்று ஒன்று மட்டும் விளிம்புவரை போயிருந்தது. எழுந்து கையைத் துடைத்தார்.

"இன்னைக்குப் போதும்."

"இன்னும் ஒரே ஓட்டம்தாங்க. அட்மின் காத்துட்டிருக்கார்" என்றார் மனைவி.

"எல்லா டிஸ்க்லயும் விரிசல் இருக்கும் சார், ஒண்ணும் ஆகாது" என்றார் அட்மின்.

"இருக்கும். விளிம்புக்கு வந்தா உடையும். வண்டி நகரக் கூடாது." அவர் குரலில் அந்த நீதிபதி வந்திருந்தார். ஆனால் இப்போது அவருக்கு நாற்காலி பொருத்தமாக இருந்தது. "அடுத்தது ஓட்டை இல்லாததா வாங்கிக்கலாம். பாக்க நல்லா இருக்காது. ஆனா தாங்கும்."

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார். அட்மின் தனியாகப் போய் ஓட்டினார். ஜெயிக்க யாரும் இல்லாததால் சீக்கிரமே திரும்பிவிட்டார்.

அதே டிஸ்க்கோடு வீடுவரை ஓட்டவும் லிஃப்ட்காரர் சம்மதிக்கவில்லை. காரை ஒரு லாரியில் ஏற்றினோம். முன்னால் ஓட்டுநருடன் நாங்கள் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ஓட்டுநர் பேச்சுப் பிரியர்.

"சார்தான் ரேஸ் ஓட்டறீங்களா?"

"இவங்க" என்று மனைவியைக் காட்டினார் லிஃப்ட்காரர்.

ஓட்டுநர் திரும்பி அந்த அம்மாளை ஒரு பார்வை பார்த்தார். அவர் ஏற்கெனவே ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் தலைக்கவசம், விரல்களில் சலவைச் சோடா அரித்த வெள்ளை. ஓட்டுநருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் மரியாதைக்காகக் குரலைத் தாழ்த்தினார்.

"நல்லா ஓட்டுவாங்களா?"

"நல்லா நிறுத்துவாங்க" என்றார் லிஃப்ட்காரர். சாலையைப் பார்த்தார். பிறகு ஓட்டுநரின் காலை எட்டிப் பார்த்தார். "அண்ணே, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க. முன்னாடி பஸ் போகுது. இப்பவே லேசா மிதிச்சு வெச்சுக்குங்களேன்."

பஸ் எங்கோ ஒரு புள்ளியாகத் தெரிந்தது. ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் மிதித்தார்.